சொற்களின் சுற்றம்: ஒரு டேனிய அகராதியின் கதை

டேனிய மொழியில் சன்னலுக்கு வழங்கும் பெயர் 'வென்டு' என்பதாகும். அச்சொல்லின் பிறப்பை அகராதியில் தேடினால், பழைய நோர்டிய மொழியின் 'விண்ட்அவுகா' என்னும் வடிவத்தில் போய் நிற்கிறோம். அதன் முற்பகுதிக்குக் காற்று என்று பொருள். பிற்பகுதிக்குக் கண் என்று பொருள். கண்ணாடி பதிக்கும் வழக்கம் வருமுன், காற்றும் வெளிச்சமும் புகுவதற்காக வீட்டில் விடப்பட்ட திறப்பைக் காற்றின் கண் என்று வடநாட்டு மக்கள் அழைத்தனர். இதைப் படித்தவுடன் தமிழ் பயின்ற நமக்குக் 'காலதர்' நினைவுக்கு வருவது இயல்பே. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரம் அந்தக் காலதரை மானின் கண்ணோடு பொருத்திப் பேசும். இரு மொழிகளுக்கும் எவ்வித உறவும் இல்லை. ஆயினும் சுவரில் ஒரு துளையிட்ட மனிதன், அங்கும் இங்கும் காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கிறான்.

ஒரு சொல்லைத் தேடிச் சென்று பல மாலைப்பொழுதுகளை இந்த இணைய அகராதியிலேயே நாம் கழிக்க நேர்ந்தது. டேனியத்தில் நமக்குப் புலமை இல்லை. எழுத்துக்கூட்டிப் பொருள் கொள்ளும் அளவே பயிற்சி. ஆனால் நல்ல அகராதி என்பது மொழியறியாதவனையும் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்லும். அகராதி அமைந்துள்ள தளத்தின் பெயர் 'ஓர்ட்நெட்'. சொல் என்பதையும் வலை என்பதையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை அது, சொல்வலை என்னலாம். அதே எழுத்துகளை ஒரே சொல்லாகப் படித்தால் 'ஒழுங்குபடுத்தப்பட்டது' என்றும் பொருள்படும். சொல் என்னும் பொருளுடையது பழஞ்சொல். ஒழுங்கைக் குறிப்பதோ இலத்தீனிலிருந்து வந்தது. பிறப்பால் தொடர்பற்ற இரண்டும் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. சொற்களுக்குப் பிறப்பினால் வரும் உறவு ஒன்று, பழக்கத்தினால் வரும் உறவு மற்றொன்று என்பதை அந்தப் பெயரே நினைவூட்டுகிறது. இவ்விருவகை உறவுகளையும் யார், எப்போது, எப்பாடுபட்டுத் திரட்டினர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பதவி இழந்தவரின் அகராதி

கதை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்குகிறது. மத்தியாஸ் மோத் என்பவர் டென்மார்க் மன்னர் ஐந்தாம் கிறிஸ்டியனின் அரசவையில் உயர்ந்த செயலர் பதவி வகித்தவர். அவருடைய தங்கை சோஃபி அமாலி மன்னரின் ஆசைநாயகி. குடும்பத்தின் ஏற்றத்துக்கு இவ்வுறவு துணைபுரிந்தது என்பதை வரலாறு மறைக்கவில்லை. ஆனால் மோத் அந்தச் செல்வாக்கை விந்தையான ஒரு பணிக்கும் பயன்படுத்தினார். 1697இல் நாட்டின் ஆயர்களுக்கு மடல் எழுதி, அவரவர் மறைமாவட்டங்களில் மக்கள் வழங்கும் சொற்களைத் திரட்டி அனுப்புமாறு வேண்டினார். கற்றோர் இலத்தீனில் எழுதிய காலம் அது. அவையில் ஜெர்மனுக்கே மதிப்பு. அக்காலத்தில் உழவரும் மீனவரும் பேசிய டேனியச் சொற்களைத் தேடி அரசு அதிகாரி ஒருவர் மடல் எழுதியதை எளிதாகக் கடந்துபோக இயலவில்லை.

1699இல் மன்னர் இறந்தார். நான்காம் ஃப்ரெடெரிக் அரியணை ஏறினார், மோத் பதவியிழந்தார். எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அவர் அகராதிக்கே தந்தார். ஒரு வேர்ச்சொல்லைத் தலையாக நிறுத்தி, அதிலிருந்து கிளைத்தவற்றையும் அதனோடு தொகையானவற்றையும் அதன்கீழ் அடுக்கினார். பழமொழிகளை எழுதினார். வட்டார வழக்குகளை எழுதினார். அவையில் சொல்லக் கூசும் சொற்களையும் விலக்காமல் எழுதினார். ஏறத்தாழ அறுபது பெருந்தொகுதிகள் கையெழுத்தில் நிரம்பின. 1719இல் அவர் இறந்தபோது அதில் ஒரு பக்கமும் அச்சேறியிருக்கவில்லை. கோபன்ஹேகன் அரச நூலகத்தில் சேர்ந்த அத்தொகுதிகளைப் பின்வந்த அகராதியாளர் சிலர் புரட்டிப் பார்த்துப் பயன்கொண்டனர், பொதுமக்கள் கண்டதில்லை.

குறுகிய வாயில்

டேனிய அறிவியற் கழகம் 1742இல் தோன்றியது. அக்கழகத்தின் பேரகராதியின் முதல் தொகுதி 1793இல் வெளிவந்தது. எட்டாவதும் இறுதியானதுமான தொகுதி வெளிவந்த ஆண்டு 1905. இடையில் நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகள்! முதற்றொகுதியைத் தொகுத்தவரின் கொள்ளுப்பேரன் இறுதித் தொகுதியை வாங்கியிருக்கக்கூடும். அகர வரிசையின் முதலெழுத்துச் சொற்கள் ஒரு யுகத்தின் மொழியாகவும், கடையெழுத்துச் சொற்கள் இன்னொரு யுகத்தின் மொழியாகவும் நின்றுவிட்டன. அயற்சொற்களுக்கு அவ்வகராதியில் இடமில்லை என்பதும் தொடக்கத்திலேயே வகுக்கப்பட்ட விதி.

கழகத்தின் தாமதத்தைப் பொறாத கிறிஸ்டியன் மோல்பெக் 1833இல் தம் அகராதியை வெளியிட்டார். தனியொருவர் முயற்சி என்ற வகையில் வியக்கத்தக்க பணி. ஆயினும் சான்றோர் நடையே மொழி என்பது அவர் கொள்கை. இழிவழக்கு என அவர் கருதியவையும் அயன்மொழிச் சொற்களும் வாயிலிலேயே தடுக்கப்பட்டன.

இங்கே ஒரு முரணைச் சுட்டவேண்டும். டேனியத்தில் மொழி என்பதைக் குறிக்கும் சொல் 'ஸ்ப்ரோ'. அச்சொல்லே அயற்சொல்; இடைக்காலத்தில் வட ஜெர்மன் வணிகர்களோடு வந்தது. பணம் செலுத்துதல், வாணிகம், செருப்புத் தைப்பவர், தையற்காரர், நகரத்தலைவர் ஆகியவற்றைக் குறிக்கும் டேனியச் சொற்களும் அவ்வழியே வந்தவை. கப்பலில் சரக்கோடு தொழிலும் வந்தது, தொழிலோடு பெயரும் வந்தது. மொழியைக் குறித்த பழஞ்சொல்லாகிய 'மோல்' இன்று தாய்மொழி என்னும் தொகையிலும், வட்டார வழக்கைக் குறிக்கும் சொல்லிலும் ஒதுங்கி வாழ்கிறது. அயற்சொல்லை விலக்குவோம் என்று சூளுரைத்தவர்கள் அச்சூளுரையையே அயற்சொல் இல்லாமல் சொல்லியிருக்க இயலாது.

இருபத்தெட்டுத் தொகுதிகள்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெர்னர் தாலெரூப் என்னும் மொழியறிஞர், மோல்பெக்கின் நூலுக்கு மாற்றாகக் கைக்கடக்கமான அகராதி ஒன்றை எழுத முனைந்தார். சொற்சீட்டுகள் பெருகின, திட்டம் அவர் கையை மீறியது. 1911இல் நிறுவப்பட்டிருந்த டேனிய மொழி இலக்கியக் கழகத்திடம் 1915இல் பணி ஒப்படைக்கப்பட்டது. 1700ஆம் ஆண்டு முதலான டேனியத்தை நூற்சான்றுகளோடு விளக்கும் பேரகராதியாக அது விரிந்தது. முதற்றொகுதி 1919இல் முழுமை பெற்றது; 28ஆம் தொகுதி வந்தது 1956இல். தாலெரூப் 1938லேயே மறைந்தார். தாம் தொடங்கியதன் முடிவை அவரும் காணவில்லை.

இதனிடையே மொழியின் உடையே மாறிப்போயிற்று. 1948இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம், பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கத்தை நீக்கியது. இரட்டை 'ஆ' எழுதிய இடத்தில் தலையில் வளையம் சூடிய ஒற்றை எழுத்தைப் புகுத்தியது. அகராதியோ பாதி வழியில் உடை மாற்ற இயலாமல், நாடு கைவிட்ட எழுத்துமுறையிலேயே எட்டாண்டு தொடர்ந்து நிறைவெய்தியது. இணையத்தில் இன்று அதைத் தேடுவோர் அந்தப் பழைய உடையை அப்படியே காணலாம்.

அந்த வளைய எழுத்து தனியே நின்றால் அதுவே ஒரு சொல். சிற்றாறு என்று பொருள். ஒலிப்பு ஏறத்தாழ 'ஓ'. ஓரெழுத்தொருமொழிகளை நன்னூலில் நாற்பத்திரண்டு என எண்ணிப் படித்த நமக்கு இங்கே ஒரு மயக்கம் நேரும். தமிழில் 'ஓ' என்பது மதகில் நீரைத் தாங்கும் பலகை. ஆறும் மதகும் அருகருகே இருப்பவைதாமே என்று உள்ளம் துள்ளும். துள்ளலாகாது. டேனியச் சொல்லின் பழைய வடிவங்களை அகராதி வரிசையாகக் காட்டுகிறது. அது இலத்தீனில் நீரைக் குறிக்கும் 'அக்வா'வின் உறவு என்பது அவ்வரிசையால் விளங்கும். ஒலி ஒத்தது தற்செயல். பேரகராதியின் சான்றுப் பெருக்கம் நமக்குச் செய்யும் முதல் உதவி, விருப்பத்தையும் வரலாற்றையும் பிரித்துக் காட்டுவதே.

வலை பின்னிய கதை

1955க்குப் பிற்பட்ட மொழியை விளக்க அதே கழகம் 1990களில் புதிய அகராதி ஒன்றைத் தொடங்கியது. 1983 முதல் 1992 வரையிலான பலவகை எழுத்தும் பேச்சும் ஏறத்தாழ நான்கு கோடிச் சொற்கள் அளவில் கணினியில் திரட்டப்பட்டன. ஆறு தொகுதிகள் 2003 முதல் 2005 வரை வெளிவந்தன. மதுவடிப்பாலை ஒன்றின் செல்வத்தால் 1876இல் உருவான கார்ல்ஸ்பெர்க் நிதியமும் பண்பாட்டு அமைச்சகமும் செலவை ஏற்றன. பழைய பேரகராதி 2005இல் இணையமேறியது. 2009இல் புதியதும் சேர்ந்து ஒரே தளமாயிற்று. இன்று புதிய அகராதியின் சொற்றொகை ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டது. டேனியம் பேசுவோர் அறுபது லட்சம் அளவினரே என்பதையும் உடன் நினைக்கவேண்டும்.

இதுவரை சொன்னது சொற்களின் பிறப்புவழி. அவற்றின் அக்கம்பக்கத்தைத் திரட்டிய பணி வேறொன்று. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் மொழித்தொழில்நுட்ப மையமும் இக்கழகமும் இணைந்து 'டான்நெட்' என்னும் பொருள்வலையை உருவாக்கி 2009இல் அனைவர்க்கும் பொதுவாக வழங்கின. அதன் அடிப்படை எளிமையானது. எந்தப் பொருள்விளக்கத்தையும் பாருங்கள்: நாற்காலி என்பது இன்னின்ன இயல்புடைய இருக்கை, இருக்கை என்பது இன்னின்ன வகையான அறைகலன். விளக்கத்தின் நடுவே இருக்கும் பொதுச்சொல்லே ஒரு படி மேலே உள்ள உறவினர். அகராதியாளர்கள் அப்பொதுச்சொல்லை முன்பே தனியாகக் குறித்துவைத்திருந்தனர். அக்குறிப்புகளைக் கோத்தபோது அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கருத்துகள் மேலும் கீழுமாக இணைந்தன. எதன் உறுப்பு எது, எதனால் ஆனது எது, எதற்குப் பயன்படுவது எது என்னும் குறுக்கு இழைகளும் சேர்க்கப்பட்டன. ஆங்கிலத்தில் முன்பே இருந்த வலையை மொழிபெயர்த்துக்கொள்ளும் குறுக்குவழி அவர்களுக்குத் திறந்திருந்தது. தம் மொழியின் விளக்கங்களிலிருந்தே தொடங்குவது என அவர்கள் முடிவு செய்தனர்.

2014இல் அடுத்த படி. 22 இயல்களும் 888 பிரிவுகளும் கொண்ட கருத்து அகராதி நூலாக வந்தது. நம் வழக்கில் சொன்னால் இது நிகண்டு. அகரவரிசையைக் கைவிட்டு, ஒரு பொருளைச் சுற்றியுள்ள சொற்களையெல்லாம் ஓரிடத்தில் கூட்டிவைப்பது. தெய்வப் பெயர் தொடங்கிப் பன்னிரு தொகுதிகளாகச் சேந்தன் திவாகரம் செய்த வேலைக்கு இது தொலைதூர உடன்பிறப்பு. அதன் பகுதிகள் இணைய அகராதிக்குள்ளும் 'அருகிலுள்ள சொற்கள்' என்னும் தலைப்பில் வந்து அமர்ந்தன. ஒரு சொல்லைத் திறந்தால் அதன் முன்னோரும் தெரிவர். அண்டை வீட்டாரும் தெரிவர்.

சில உறவுகள்

'கிஃப்ட்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பரிசு என்று நாம் அறிந்தது. டேனியத்தில் இதே வடிவம் இரு தனிச்சொற்களாகப் பதிவாகியுள்ளது. ஒன்று நஞ்சு, மற்றொன்று மணமானவர். இதை வைத்து டேனியர் செய்யும் கேலிக்கு அளவில்லை. ஆனால் இரண்டின் வேரும் கொடுத்தல் என்னும் ஒரே வினை. கொடுக்கப்பட்ட மருந்தளவு என்னும் மங்கல வழக்கே ஜெர்மானிய மண்ணில் நஞ்சுக்குப் பெயராயிற்று. கொடுக்கப்பட்ட பெண் என்பதிலிருந்து மணத்தின் பெயர் வந்தது. 'மெத்கிஃப்ட்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. உடன் கொடுப்பது என்பது அதன் நேர்ப்பொருள். வரதட்சணை என்பது வழக்குப்பொருள். மூன்றையும் அடுத்தடுத்துப் படிக்கும் நம் நாட்டு வாசகர்க்குக் கேலி பாதியிலேயே நின்றுவிடும்.

உறவுமுறைப் பெயர்கள் இன்னும் இனியவை. 'ஃபார்' தந்தை, 'மோர்' தாய். தந்தையின் தந்தை 'ஃபார்ஃபார்', தாயின் தாய் 'மோர்மோர்'. எந்தப் பாட்டி என்று டேனியக் குழந்தையிடம் கேட்கவேண்டியதில்லை. தந்தையின் உடன்பிறந்தாள் 'ஃபாஸ்டர்'. தாயின் உடன்பிறந்தாள் 'மோஸ்டர்'. தந்தை, தாய் என்னும் சொற்களோடு சகோதரி என்னும் சொல் சேர்ந்து குறுகிய வடிவங்கள் இவை. நாம் அத்தை என்றும் சித்தி என்றும் பிரிப்பது போன்ற பிரிவு. தாய்மாமனுக்கும் சித்தப்பனுக்கும் அவ்வாறே தனித்தனிப் பெயர்கள் உள்ளன. பிரெஞ்சு வழியாக வந்த 'ஓங்கெல்', 'டான்டெ' ஆகியவை இப்பிரிவுகளை அழித்து இருபக்கத்தாரையும் ஒன்றாக்கின. மாமா என்பதும் சித்தப்பா என்பதும் 'அங்கிள்' ஆகிவரும் வீடுகளில் இருந்து இதை நாம் படிக்கிறோம்.

உலகெங்கும் விலைபோன 'ஹ்யூகெ' என்னும் சொல்லுக்கு நெருக்கமானோருடன் மனம் இளகியிருக்கும் இன்பம் என்று பொருள் சொல்லலாம். நோர்வேயிலிருந்து வந்த இச்சொல்லை, நினைத்தல், ஆறுதல் கூறல் என்னும் பொருளுடைய பழஞ்சொற்களோடு இணைப்பர். மனத்தைக் குறிக்கும் 'ஹூ', நினைவில் வைத்தலைக் குறிக்கும் 'ஹுஸ்கெ' ஆகியவை அதே குடியினர். எதிர்மறை முன்னொட்டுச் சேர்ந்த 'ஊஹ்யூகெ' என்பதை இன்பமின்மை என்று நாம் ஊகித்தால் தவறு. அது திகில். பிறப்புவழி மட்டும் பார்த்தவனுக்கு இது புலப்படாது. அச்சொல் எந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறது என்று பார்த்தவனுக்கே புலப்படும்.

இறுதியாக 'காரி'. அகராதி இதன் வரலாற்றை ஆங்கிலம் வழியாகத் தமிழ்க் 'கறி' வரை கொண்டுசேர்க்கிறது. டேனியத்தில் அது குழம்பன்று, மஞ்சள்நிற மசாலைப்பொடி. அப்பொடியிட்ட வெண்குழம்பில் பன்றியிறைச்சி உருண்டைகளைச் சோற்றோடு உண்பது அங்கே பாட்டிமார் சமையல். ஹெர்ரிங் மீனையும் அப்பொடி சேர்த்த குளிர்ந்த குழைவில் ஊறவைத்து ரொட்டிமேல் இட்டு உண்பர். தொகைச்சொற்களின் தலையில் ஏறிவிட்ட பிறகு ஒரு சொல் விருந்தாளி அல்ல, வீட்டார்.

1719

அச்சொல் ஆங்கிலம் வழியாகச் சென்றது என்பதில் வரலாற்றின் குறும்பு உண்டு. தஞ்சை ரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர், 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை அங்கேயே இருந்தனர். இருநூற்றிருபத்தைந்து ஆண்டுகள் கறி மணக்கும் கரையில் வாழ்ந்தும், அதன் பெயரை அண்டை நாட்டாரிடமிருந்தே பெற்றனர்.

இன்னோர் இணைவும் உண்டு. மோத் பதவியிழந்தது நான்காம் ஃப்ரெடெரிக் அரியணை ஏறியபோது என்று கண்டோம். அதே மன்னர்தாம் ஜெர்மானியராகிய சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியவர். 1706 சூலையில் கரையிறங்கிய அவர், திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளுக்கு 1708இல் விளக்கப்பட்டியல் வரைந்தார். பல்லாயிரம் தமிழ்ச்சொற்களைத் திரட்டினார். அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சானது. சொற்றிரட்டுகள் அவர் காலத்தில் அச்சேறவில்லை. அவர் மறைந்த ஆண்டும் 1719. ஒரே மன்னரின் ஆட்சியில், கோபன்ஹேகனில் ஒருவரும் சோழமண்டலக் கரையில் ஒருவருமாகச் சொல் திரட்டிய இருவர், ஒரே ஆண்டில், தம் அகராதியை அச்சில் காணாமலே போயினர்.

மோத்தின் கையெழுத்துத் தொகுதிகளை டேனிய மொழி இலக்கியக் கழகம் இந்நூற்றாண்டில் எழுத்தெழுத்தாகப் படியெடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டது. முன்னூறாண்டுக்கு முன் ஏதோ ஓர் ஊர்ப் பாதிரியார் உழவர் வாயில் கேட்டு எழுதியனுப்பிய சொல், இன்று ஒரு தட்டலில் வந்து நிற்கிறது. கழகத்தின் பேரகராதி விலக்கியவையும் மோல்பெக் தடுத்தவையும் அங்கே உள்ளன. தரங்கம்பாடியில் தொடங்கிய தொகுப்பு மரபும் முழுதும் அறுந்துவிடவில்லை. அம்மரபில் வந்த ஃபாப்ரிசியஸ் 1779இல் அச்சிட்ட தமிழ் அகராதியின் பிற்பதிப்பை இன்று இணையத்தில் தேடலாம். அச்சேறியது பிழைத்தது.

இவற்றையெல்லாம் பார்த்தபின் நம்முள் எழும் எண்ணம் கணினியைப் பற்றியதன்று, அந்த 1697ஆம் ஆண்டு மடலைப் பற்றியது. சொல்வலை எவ்வளவு நுண்ணியதாயினும் எவரோ எழுதிவைத்த சொல்லை மட்டுமே அது பிடிக்கும். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவர்களின் பாட்டிமார் நெல்லுக்கும் வலைக்கும் நோய்க்கும் காற்றுக்கும் வழங்கும் பெயர்களில் எத்தனை எந்த அகராதியிலும் ஏறாதவை என்பதை அவர்கள் வாய்மொழியாகவே நாம் கேட்டிருக்கிறோம். அவர்களிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, ஊருக்குப் போய் எழுதிவரச் சொல்லலாம். அச்சேறுமா என்பது பிறகு. மோத் அதைக் கேட்டுக்கொண்டு தொடங்கவில்லை.